ஆறு மில்லிவினாடி

லன்னியோன் ஊரில் டிசம்பர்.
ரோஜா நிறப் பாறைக் கரையிலிருந்து வரும் காற்று
ஆய்வுக்கூடக் கதவை இடித்துக்கொண்டே இருக்கிறது.
க்வெனோலா ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்.
மறுமுனையில், ரென் நகரத்தில், ரிவால்.
எட்டு மாதம் முன்புவரை
இருவர் பையிலும் ஒரே வீட்டுச் சாவி.

இன்றிரவு பேச்சு என்பது சோதனை.
அவன் எண்களை வாசிப்பான், அவள் குறித்துக்கொள்வாள்.
பதினேழு. நாற்பத்திரண்டு. ஒன்பது.

வாயை விட்ட குரல் நறுக்கப்படுகிறது,
எல்லாம் ஒரே அளவு:
நாற்பத்தெட்டு பைட் குரல்,
முன்னால் ஐந்து பைட் தலைப்பு.
ஐம்பத்து மூன்று.
யாருக்கும் பிடிக்காத எண்.
அறுபத்து நான்கு வையுங்கள் என்றார்கள் அமெரிக்கர்கள்.
முப்பத்திரண்டுக்கு மேல் கூடாது என்றார்கள் இவர்கள்:
துண்டு பெரிதானால் நிரம்ப நேரமாகும்,
நேரமானால் பேசியவன் காதுக்கே அவன் குரல்
கிணற்றுக்குள் கத்தியதுபோலத் திரும்பி வரும்.
கடைசியில் பேரம் பேசி நடுவே வெட்டினார்கள்.
"கானாங்கெளுத்தி வாங்கப் போயிருக்கலாம்" என்றாள் க்வெனோலா,
செய்தி வந்த அன்று.
இப்போது அந்த எண்ணோடுதான் குடித்தனம்.

துண்டின் பெயர் செல்.
தமிழில் அது ஒரு கட்டளையும்கூட.
செல் என்றதும் செல்கிறது,
எங்கே என்று நின்று கேட்பதில்லை.
அதன் நெற்றியில் ஊர்ப்பெயர் கிடையாது.
இரண்டு எண்கள், ஒன்று பாதைக்கு, ஒன்று தடத்துக்கு,
அடுத்த சுவிட்ச் வரைதான் செல்லுபடி.
அங்கே அவற்றை அழித்து
வேறு இரண்டு எழுதி அனுப்புவார்கள்.
போய்ச் சேரும்போது
புறப்பட்ட அடையாளம் ஒன்றும் மிச்சமிருக்காது.

ஆனாலும் வழி தப்பாது.
முதல் சொல்லுக்கு முன்பே
ஒரு சுவிட்ச் அடுத்ததைக் கேட்டிருக்கிறது: இடம் உண்டா?
உண்டு. உண்டு. உண்டு.
கடைசி 'உண்டு' வந்த பிறகுதான் மணி அடித்தது.
போட்ட வழியில் ஒன்றையொன்று முந்துவதில்லை,
தொலைந்ததை யாரும் திரும்பக் கேட்பதுமில்லை.

எவரும் எதுவும் அனுப்பாதபோதும் கம்பி ஓய்வதில்லை.
வெற்றுச் செல்கள் ஓடும்,
மறுமுனையில் பிரிக்காமலே எறியப்படும்.

தலைப்பில் ஒரு பிட் இருக்கிறது.
அதில் 'ஒன்று' போட்டால் பொருள் இது:
நெரிசல் வந்தால் முதலில் என்னைத் தள்ளிவிடு.
அந்த பிட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும்.
அவள் நெற்றியில் அதை எப்போது மாற்றினார்கள்
என்பதுதான் தெரியவில்லை.

ஒன்பதரை மணிக்குச் சுமை ஏற்றினாள்:
ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்கள்,
வங்கிக் கணக்கு, பாதித் திரைப்படம்.
வரிசை வீங்கியது, விளக்குகள் மஞ்சளாயின.
அறுபது. மூன்று. எழுபது.
எண்களுக்கு நடுவே, தாளில் இல்லாத ஒன்றை
அவளே சொன்னாள்:
"கூரை ஒழுகலைச் சரி பண்ணிட்டேன், ரிவால்.
வந்து பாக்கறியா?"

இருபது வினாடி.

பிறகு: "எழுபத்தொன்று."

இரவு முழுதும் பதிவேட்டைப் புரட்டினாள்.
தொலைந்த செல்: ஒன்று.
ஒரு செல்லில் அடங்குவது ஆறு மில்லிவினாடி.
'ம்' என்று சொல்லவே முப்பது செல் வேண்டும்.
பழியைப் போட ஒரு சுவிட்ச்கூட அகப்படவில்லை.

திறந்த தடத்துக்கு மௌனமும் குரல்தான்.
அதையும் அளந்து, நிரப்பி, தலைப்பு எழுதி,
மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் செல்களில்
வரிசை குலையாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

காபி ஆறிப்போயிருந்தது.
அறிக்கையில் எழுதினாள்:

குரல் தரம், நன்று.
எதிரொலி, இல்லை.