சதுர அடி பதினெட்டு ரூபாய்

மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
கார்மேகம் அண்ணன் கடையில்
பேனர் டிசைன் செய்பவள் நான்.
காதணி, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றுக்கும் ஒரே ரோஜாப்பூ வைத்திருக்கிறேன்.

கல்லூரி வாலிபால் அணிகள்
திருநெல்வேலியில் ஜெயித்து வந்த இரவு
இருபதுக்குப் பத்து அடித்தேன்.
ஜெரோனுக்குப் பின்னால் சிங்கம்,
தமிழ்க்குமரனுக்குப் பின்னால் சுறா.
சுறா என் யோசனை. கைதட்டினார்கள்.
கோப்பையின் மறுபக்கத்தைப் பிடித்தபடி
பெண்கள் அணியின் லிபரோவும் நின்றாள், சிரித்துக்கொண்டு.

ஆவணியில்
அவள் கொடுத்த புகாரில் அந்த இரண்டு பெயர்கள்.

விளக்கு வைப்பதற்குள் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.
டீக்கடை பெஞ்சில் ஒருவர்,
அவன் சர்வீஸ் போட்டுப் பார்த்திருக்கியா நீ, என்றார்
அதுவே சாட்சி என்பதுபோல.
நண்டுக்கு விலை கேட்டுக்கொண்டே ஒருத்தி,
மேட்ச் முடிஞ்சதும் அவ ஏன் வேன்ல ஏறல?
கோட்டாவில் போலீஸ் வேலை வர இருந்ததாம்.
கோச் அழுதார். நிஜமாகவே அழுதார், நான் பார்த்தேன்.
எதிர்காலம், எதிர்காலம் என்று
அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு.
அவளுக்கும் இரண்டு செமஸ்டர் பாக்கி இருந்தது.
அதற்கு யாரும் அந்தச் சொல்லைச் செலவழிக்கவில்லை.

சட்டப்படி அவள் பெயரைச் சொல்லக்கூடாது.
ஊர் சட்டத்தை மதித்தது.
ஐஸ் வண்டிக்காரர் மகள் என்றது.
அவரிடம் ஐஸ் வாங்குவதை நிறுத்தியவர்கள்
கட்டி சீக்கிரம் கரையுது என்றார்கள்.

எங்களுக்கு இரண்டு கடல்.
தெற்கே அடிப்பது ஆண்கடல்,
வடக்கே கிடப்பது பெண்கடல்.
ஆண்கடல் வள்ளத்தைக் கவிழ்த்தால்
கச்சான் காற்றின்மேல் பழி போடுவோம்.
பெண்கடல் ஒருநாள் எழும்பினால்
இதுக்கு என்ன வந்துச்சு என்போம்.
எனக்கும் அப்படித்தான் வாயில் வரும்,
சின்ன வயதிலிருந்து.

ஜாமீன் கிடைத்த அன்று ஏழெட்டு பைக்கில் வந்தார்கள்.
"சூழ்ச்சியை வென்ற சுறாக்களே வருக."
பழைய போட்டோவே போதும்,
அவளை மட்டும் தூக்கிரு.
திரையில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில்
ஒரு சின்னக் கண் இருக்கும்.
தொட்டால் கண் மூடும், ஆள் மறையும்.
அவசரமாக வெட்டி, தனி லேயரில் வைத்து
கண்ணை மூடினேன்.
முப்பதுக்குப் பன்னிரண்டு.
ஆறாயிரத்து நானூற்று எண்பது.
எண்பதை அண்ணன் தள்ளிக் கொடுத்தார்.

போன புதன்கிழமை, கரண்ட் வந்த பிறகு,
ஜெராக்ஸ் எடுக்க வந்தாள்.
நாலு பக்கம், மூணு காப்பி.
படிக்கக்கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
மூடிக்குக் கீழே வெளிச்சம்
பன்னிரண்டு தடவை போய் வந்தது.
காசை எண்ணி வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

அக்கா, வெளியே நிக்கிறது நீங்க அடிச்சதா?

ஆமா.

கோப்பையில ஒரு கை கூடுதலா இருக்கு, என்றாள்.
கறுப்புக் கயிறு கட்டினது.
அது என்னோடது.

அவள் போன பிறகு ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தேன்.
இரண்டு பேர். ஐந்து கை.
பதினோரு நாளாக அதன் கீழேதான்
பஸ் நிற்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்,
கோச் டீ குடிக்கிறார்.

கார்மேகம் அண்ணனிடம் சொல்லவில்லை.
இருக்கட்டும் அது.