இறங்க வழி விடுங்க

ஒரு விசில் என்றால் நில்.
இரண்டு என்றால் போ.
பதினொரு வருடமாக இந்தக் கணக்கில்
சிவாஜிநகர் பஸ்ஸை நான்தான் ஓட்டுகிறேன்,
ஸ்டியரிங்கைத் தொடாமலே.

டெல்ஃபினாவின் நெஞ்சுக்குள் கேட்ட விசிலுக்கு
என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

சளி என்றேன்.
எல்லாரும் சளி என்றார்கள்.
பெங்களூர் குளிர், அல்சூர் ஏரிக்காற்று,
ஈரத்தலையோடு பள்ளிக்கூடம்.
மாடிவீட்டு கௌரம்மா மிளகு தட்டிக் கொடுத்தாள்.
மெடிக்கல் கடைக்காரர்
தூங்கவைக்கும் சிவப்பு பாட்டில்.

மூக்கு மூன்றே நாளில் காய்ந்துவிடும்.
இருமல் இறங்காது,
மாதப் பாஸ் வைத்திருப்பவர்போல.

காய்ச்சல் கிடையாது.
பகலில் நன்றாகத்தான் இருப்பாள்.
ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து
முழங்காலில் கையூன்றி உட்காருவாள்.
தொண்டைக்குழி உள்வாங்கி உள்வாங்கி மீளும்.
சிரித்தாலும் இருமல் என்பதால்
ஜோக் சொல்வதையே விட்டிருந்தார் அவள் அப்பா.

சளியைப் பற்றி டாக்டரம்மா கேட்கவே இல்லை.
“எஷ்டு சல?” என்றார்.
எத்தனை டிக்கெட், எத்தனை பாஸ், எவ்வளவு சில்லறை,
கண்ணை மூடிச் சொல்கிற எனக்கு
இதற்குக் கணக்கில்லை.
டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்:
ஜூனில், முதல் மழைக்கு.
ஆகஸ்டில், பக்கத்து மனையில் கல் அறுத்தபோது.
கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்த வாரம்.
பள்ளி ஓட்டப்பந்தயம்,
பாதியில் நின்றவள்.

வீட்டில் வேறு யாருக்காவது?
இல்லை என்றேன்.
சொன்ன பிறகுதான் தம்பி ராயப்பன் ஞாபகம் வந்தான்.
மாடிப்படியின் பாதியில் குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்வான்,
வாரே இல்லாத செருப்பில்.

டாக்டர் என் காதில் குழாயை மாட்டினார்.
உள்ளே போகும்போது அவ்வளவாக இல்லை.
விடும்போதுதான் அந்த விசில்,
நீளமாக, மெலிசாக.
எட்டரை மணி பஸ் தெரியாதா எனக்கு?
ஏறுகிறவர்கள் எப்படியும் ஏறிவிடுவார்கள்.
இறங்கத்தான் வழி இருக்காது.

ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார்.
‘லாம்’ என்பதைப் பிடித்துக்கொண்டேன்,
மேல்கம்பியைப் பிடிப்பதுபோல.
ஒரு குழாயில் ஊதச் சொன்னார்.
மருந்தை உறிஞ்சவைத்து, கால்மணி நேரம் கழித்து
மறுபடி ஊதச் சொன்னார்.
முள் ஏறி நின்றது.
நான் உட்கார்ந்தேன்.

“பம்பா? பொம்பளைப் பிள்ளைக்கா?
பழகிவிடுமே” என்றாள் கௌரம்மா.
மூச்சுவிடத்தானே பழகட்டும் என்று
சொல்லத் தோன்றியது,
மறுநாள், டெய்ரி சர்க்கிள் சிக்னலில்.

நேற்று ராத்திரி அவர்
பழைய ஜோக் ஒன்றை எடுத்தார்.
சுமாரான ஜோக்.
அவள் சிரிக்கத் தொடங்கினாள்.
நான்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.