ஏனையவை

படிவத்தில் ஐந்து பெட்டிகள்.
விலை. தூரம். சார்ஜ் ஏற்ற இடமில்லை.
பற்றரியில் நம்பிக்கையில்லை.
ஐந்தாவது, ஏனையவை.
அதன் பக்கத்தில் ஒரு விரல் நீளக் கோடு,
எழுதினால் மூன்று சொல் கொள்ளும்.

விசுவமடுச் சந்தியில்
மின் ஓட்டோ வந்து நின்றபோது
புழுதியில் கிடந்த நாய் எழும்பவில்லை.
"நாய்க்கே தெரியேல்ல" என்றார் சிங்கராயர்.
ஸ்ராண்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஓடிப் பார்த்தார்.
ஒழுங்கைக்குள் விட்டு, வாய்க்கால் கட்டில் ஏற்றி,
மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல
சீற்றைத் தூக்கிப் பார்த்தார்.
"நல்ல சாமான். வேண்டாம் தங்கச்சி."

கணக்குச் சொன்னேன்.
பெற்றோலுக்குப் போகிற காசில்
பாதி லீசிங்குக்குக் காணும் என்றேன்.
தலையாட்டினார்.
அந்த வருசம் மூன்று நாள்
ஷெட் வாசலில் ஓட்டோவுக்குள்ளேயே படுத்தீங்களே என்றேன்.
"லைனில நிண்டால்
எனக்கு முன்னால எத்தினை பேரெண்டு எண்ணலாம்.
கரண்ட் நிண்டால்
எந்த லைனில போய் நிக்கிறது?"

கொழும்பில் பயிற்சியில் சொன்னார்கள்:
மாற்றமென்றால் சனத்துக்குப் பயம்.
திரையில் ஒரு ஆமையின் படம்.

இந்த மனிதர்
மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்.
மருந்துப் போத்தல் மூடியால் அளந்து
காபிரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி,
உதைத்து, வெள்ளைப் புகைக்குள் மறைந்து போனவர்.
சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்டவர்.
ஊரைப் பதினொரு தரம் மாற்றியவர்.

கடைசித் தரம்
லான்ட்மாஸ்டர் பெட்டியில் பாய், பானை, காய்ச்சலோடு மாமி.
இவர் மடியில் ஐந்து லீற்றர் கான்.
"தேவிபுரம் தாண்ட முடிஞ்சுது. பிறகு நடை."
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்.
"கானைத் தாட்டு வைக்கலாம் பிள்ளை.
பக்கத்து ஆளுக்கு ஒரு போத்தல் குடுக்கலாம்.
வயரின்ர மற்ற நுனி ஆரின்ர கையில எண்டு
உமக்குத் தெரியுமோ?"

இனி யார் அண்ணை ஓடச் சொல்லப் போகினம்
என்று வாய்வரை வந்தது.
எனக்கு அப்போது எட்டு வயது.
அந்தக் கானின் மணம் எனக்கும் தெரியும்.

பின்னேரம் கிளிநொச்சியில்
"விலை" பெட்டியில் புள்ளடி போட்டேன்.
மனேச்சருக்குப் பிடித்த காரணம் அது,
கழிவு கொடுத்தால் தீர்ந்துவிடும்.
வெள்ளை ஓட்டோவைச் சுவரோரம் விட்டு
வயரைச் செருகினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.

வீட்டுக்குப் போக என் ஸ்கூட்டியைத் திறந்தேன்.
மழைக்கோட்டுக்குக் கீழே
ஒரு சோடாப் போத்தல் பெற்றோல்.
யாரும் வைக்கச் சொல்லவில்லை.
மூடியை இன்னொரு தரம் இறுக்கினேன்.