முடிக்க இயலாது

சித்திரை வெயிலில் வந்து இறங்கியது மென்பொருள்.
பெட்டியில் இல்லை,
சென்னைப் பையன்கள் இருவரின்
மடிக்கணினிப் பையில்.
காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதுமே
ஒருவனுக்கு மூக்கில் ரத்தம்.
எப்பவுமே இப்படியா மேடம் என்றான்.
கத்திரி இன்னும் பிறக்கலை தம்பி என்றேன்.

வெளிநிதி ஆய்வுத் திட்டங்கள் பிரிவு:
மூன்று மேசை, நாலு பீரோ,
நாடா கட்டிய வயிறுகளாய்
நாற்பத்தோரு கோப்புகள்.
டெல்லியிலிருந்து பணம் வருவது
பாலாற்றில் தண்ணீர் வருவது மாதிரி.
வந்த அன்று எல்லோரும் பாலத்தில் நின்று பார்ப்போம்.
மறுநாள் மணல்.
பிறகு மார்ச் மாதம்,
தண்ணீர் எங்கே போனது என்று
சான்றிதழ் கேட்டு ஒரு கடிதம்.

கண்காணிப்பாளர் கஜபதிக்கு எல்லாம் மனப்பாடம்.
எதில் எவ்வளவு மீதி,
எந்தப் பேராசிரியர் மைக்ரோஸ்கோப்புக்கு வந்த காசில்
ஏசி கேட்பார்,
எந்தப் பிள்ளைக்கு மூன்று மாதமாய் உதவித்தொகை இல்லை.
கண்ணை மூடிச் சொல்வார்.
தப்பியதே இல்லை.
தப்பியதாக யாரும் கண்டுபிடித்ததில்லை.

பயிற்சி மூன்று நாள்.
செலவுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கவும்:
உபகரணம், நுகர்பொருள், பயணம்.
வாலாஜாவுக்கு மேற்கே
கிணற்றுநீரில் குரோமியம் அளந்த திட்டத்தில்
கிணற்றுக்குள் இறங்கிய ஆளுக்குக் கூலி
எந்தத் தலைப்பு?
ரோஷன் வெகுநேரம் யோசித்தான்.
நாற்பதடிதானே மேடம்,
பயணத்துல போட்டுடுங்க.

அதே திட்டம்தான் சிவப்பில் நின்றது.
ஒன்பது வருஷத்துக்கு முன்பு
கட்டுரை எழுதி, கைகுலுக்கி,
படம் பிடித்து மூடிய திட்டம்.
*முடிக்க இயலாது.
நிலுவை: ரூ. 28,000.
பெறுபவர்: முபீனா, ஆய்வு உதவியாளர்.*

கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அந்தப் பொண்ணு நடுவுலயே போயிடுச்சேம்மா.
டீ வந்தது. ஆறியது.
பூஜ்யம்னு போட்டுக்க முடியாதா தம்பி?
அதுக்கு எங்ககிட்ட பட்டன் இல்ல சார்.
அவன் வேண்டுமென்று சொல்லவில்லை.
நிஜமாகவே பட்டன் இல்லை.

விண்ணப்பத்தில் இருந்த எண் உபயோகத்தில் இல்லை.
பேர்ணாம்பட்டு முகவரிக்குப் போன கடிதம்
அடுத்த வாரமே திரும்பி வந்தது.
கூடப் படித்தவள் ஒருத்தி மூலம் கிடைத்தது:
ஆம்பூரில் ஷூ கம்பெனி,
தரம் பார்க்கிற வேலை.

உங்களுக்கு இருபத்தெட்டாயிரம் வரவேண்டியிருக்கு,
வங்கிக் கணக்கு எண் சொல்லுங்க என்றேன்.
வேற வேலை இல்லையா என்று வைத்துவிட்டாள்.
நானாயிருந்தாலும் வைத்திருப்பேன்.

மறுநாள் உணவு இடைவேளையில் மறுபடி.
நாலாம் நம்பர் கிணத்துல
நீங்க மஞ்சளா எடுத்துட்டு வந்த பாட்டில்
இன்னும் எங்க பீரோ மேலதான் இருக்கு.
பின்னால் தையல் எந்திரங்களின் இரைச்சல்.
மஞ்சள் இல்லீங்க,
பச்சை கலந்த மஞ்சள், என்றாள்.

கஜபதி அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போனார்.
போகும்போது
களப்பணிக்குப் பஸ் காசில்லாமல்
வாசலில் நின்றிருந்த பையனுக்கு
சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு எடுத்துக் கொடுத்தார்.
அவனுடைய திட்டத்துக்கு
திரையில் இன்னும் *நிதி வரவில்லை*.
பழைய கஜபதி
வேறொரு கோப்பிலிருந்து இரண்டாயிரம் நகர்த்தியிருப்பார்,
யாருக்கும் தெரிந்திருக்காது.
அப்படித்தான், நகர்த்தி நகர்த்தி,
முபீனாவின் இரண்டு மாதமும் எங்கோ போயிருக்கும்.
அவரும் அதைத்தான் நினைத்தாரா, தெரியாது.
நான் கேட்கவில்லை.

வைகாசியில் பணம் போய்ச் சேர்ந்தது.
வந்துடுச்சு என்று அவளே கூப்பிட்டாள்.
வைக்கப்போனவள், நிறுத்தி,
அந்தக் கிணத்துத் தண்ணியைக்
குடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்களா என்றாள்.

திரையில் தேடினேன்.
திட்டத்தின் விளைவுகள்: கட்டுரைகள் இரண்டு,
கருத்தரங்கு ஒன்று.
பார்த்துச் சொல்றேம்மா என்றேன்.

*முடிக்கவா?* என்று கேட்டது.
இம்முறை ஒரு தடையும் சொல்லவில்லை.
எலியின் மேல் கையை வைத்துக்கொண்டு
மின்விசிறிக்கு நேராக
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.