ஜூன் ஒன்று

பாளையங்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை
சேர்க்கைப் பதிவேடு மடியில்தான் கிடந்தது.
மூலை கிழிந்த அட்டை.
பழைய வேட்டித் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தேன்.
புரட்டாசி வெயில் பிடரியில் அறைந்தது.

இளைஞர் நீதிக் குழுமம் என்று பலகை.
உள்ளே மூன்று நாற்காலி, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி,
சுவரோரம் பூதப்பாண்டி.
மீசை அரும்பியிருக்கிறது.
என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான்,
வகுப்புக்குள் நான் நுழைந்த மாதிரி.

ஆடிக் கொடையில், வில்லுப்பாட்டு நடக்கையில்,
மந்திரமூர்த்தியை வெட்டிய இரண்டு பேரைப்
பைக்கில் கொண்டுவந்து இறக்கியவன்.
இறக்கியதோடு நிற்கவில்லை என்கிறது போலீஸ்.

பதினாறு முடிந்திருந்தால்
பெரியவனாக வைத்து விசாரிக்கலாமா என்று யோசிப்பார்கள்.
முடியாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.
மனநல டாக்டர் ஒருவர் ஏற்கெனவே வந்து
தெரிந்துதான் செய்தாயா, பின்னால் என்ன ஆகும் என்று தெரியுமா,
மூன்று மணிநேரம் கேட்டாராம்.
இவன் திருப்பிக் கேட்டது ஒன்றுதானாம்:
“பைக்க எங்கம்மைட்ட குடுத்துட்டாவளா? டியூ பாக்கி கெடக்கு.”

என் பதிவேட்டின்படி இவனுக்கு அன்றைக்குப்
பதினாறு வருஷம், இரண்டு மாதம், சொச்ச நாள்.

“இது உங்க கையெழுத்தா?”
ஆமாம்.
“ஜூன் ஒன்றுன்னு எதை வச்சுப் போட்டீங்க?”

எதை வைத்து.
முப்பிடாதி பீடிக்கட்டோடு நின்றாள்,
கமிஷன் கடைக்கு நேரமாகிறது என்றாள்.
சூளையில வச்சுப் பெத்தேன், ஐப்பசி அடைமழை,
தேதி யாரு கண்டா,
அஞ்சு ஆயிட்டுன்னு போடுங்க டீச்சர்.
எனக்கும் ஒன்றாம் வகுப்பில் ஒரு தலை குறைந்தது.
குறைந்தால் ஒரு வேலையிடம் போய்விடும்.

வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து
இடது காதைத் தொடச் சொன்னேன்.
நடுவிரல், மடலுக்கு ஒரு இஞ்ச் மேலே
தவித்துக்கொண்டிருந்தது.
நான்தான் அவன் தலையைக் கொஞ்சம்
சாய்த்துவிட்டேன்.

அதைச் சொன்னேன்.
தட்டச்சு செய்த பெண் கையை நிறுத்தி,
“சாய்த்துவிட்டேன்” என்பதை எப்படிப் போட
என்பதுபோல் ஏறிட்டுப் பார்த்தாள்.
அப்படியானால் எலும்பு எக்ஸ்ரேதான் என்றார் ஒருவர்.
அதுவும் ஒரு வருஷம் முன்னே பின்னே காட்டுமாம்.
பூதப்பாண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தான்.
உட்காரு என்று சொல்ல மறந்துவிட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில்
மந்திரமூர்த்தியின் அம்மா.
இதே பதிவேட்டில் பதினோரு தாள் முன்னே அவன் பெயர்.
அவன் கை காதைத் தாண்டிக் கழுத்துவரை வந்தது,
சிரித்தான், முன்பல் இரண்டும் இல்லை.
அவனுக்கும் ஜூன் ஒன்றுதான்.

எழுந்து வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன்.
துணி முடிச்சின்மேல் கையை வைத்தாள்.
“நிவாரண மனுவுல கேக்காவ, டீச்சர்.
எம்புள்ளைக்கு எத்தன வயசு போட்டிருக்கிய?”