உன் குளிசை

கொன்சலாற்றா மிஸ்ஸிதான் முதலில் பிடித்தது.
கோண்டாவில் கிளினிக், மின்விசிறி ஓடாத செவ்வாய்க்கிழமை.
குழலை என் வயிற்றில் ஊன்றிக் காது கொடுத்தவ
மணிக்கூட்டைப் பார்த்தா,
பிறகு மணிக்கூட்டைப் பார்க்கிறதை விட்டிட்டா.
"எண்ண ஏலாமக் கிடக்கு பிள்ளை."
கர்ப்ப அட்டையில் உன் துடிப்புக்கான கட்டம்
அன்றைக்கு வெறுமையாய் வீடு வந்தது.

பெரியாஸ்பத்திரியில், திரையில்,
டொக்டர் குகதாசன் உன் இதயத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு
அதன்வழியே நேரத்தை ஓடவிட்டார்.
மேலறைக்கு ஒரு பல், கீழறைக்கு ஒரு பல்,
மேலே ஒன்று கீழே ஒன்று,
மூச்சுவிட இடமில்லாத தையல்.
நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது.
"கிணறு ஊற முதல் இறைச்சுக்கொண்டே இருந்தா
வாய்க்காலுக்கு என்ன வரும்?" என்றார்.
உன் வயிற்றோரம் மெல்லிய கறுப்புப் பிறை ஒன்று.
நிழல் என்று நினைத்தேன்.
நீர் என்றார்.

நகுலேஸ் வீடு வீடாய் மின்மானி வாசிக்கிறவன்.
அந்த எண்ணைப் பார்த்துச் சொன்னான்:
"உள்ளுக்கு ஆரோ எல்லா லைற்றையும் போட்டு வைச்சிருக்கினம்."
நான் சிரிக்கவில்லை. அவனும்தான்.

பதினொரு செக்கன் படமாய் நீ கொழும்புக்குப் போனாய்,
பிறக்க முதலே.
பதில் பின்னேரம் வந்தது.
முதல் மருந்து இங்கே உண்டு,
அடுத்தது தேவைப்பட்டால் அங்கேயிருந்து.

என் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள்.
கடதாசி நீளமாய் இறங்கியது, பிசகாத அலைகள்.
"உங்களுக்கு ஒரு குறையுமில்லை," என்றார்,
"அதாலதான் மருந்தை உங்களிட்டத் தரலாம்."

அந்த வசனத்தை இரவு முழுக்க மென்றேன்.
நோய் உனக்கு, விழுங்குவது நான்.
என் இரத்தம் ஒரு தபால்காரன்,
கொடுக்கப்போகிற கடிதத்தை
வழியில் பிரித்துத் தானும் வாசிக்கிறவன்.

மூன்றாம் நாள் சோற்று மணத்துக்கே ஓங்காளித்தது.
குழல்விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம்.
இரண்டு மணிக்கொருக்கா இருவரையும் எண்ணினார்கள்:
நான் ஐம்பத்தெட்டு.
நீ இருநூற்று முப்பத்தாறு.
பக்கத்துக் கட்டில் நெடுந்தீவுக்காரி கேட்டாள்,
"என்ரை உதைக்குது. உன்ரை?"
"என்ரை ஓடுது."

ஐந்தாம் நாள் பிறை தடித்துவிட்டது.
இரண்டாவது மருந்து இரவு பஸ்ஸில் வந்தது,
சாரதியின் தலைக்கு மேலே
சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி.
விடியப்புறம் அஞ்சு மணிக்கு பஸ் நிலையத்தில்
நகுலேஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினானாம்.

ஏழாம் இரவு, மூன்றே முக்கால்.
கருவிக்குள் உன் பாய்ச்சல், பாய்ச்சல், பாய்ச்சல்,

நின்றது.

மிஸ்ஸியின் கை என் வயிற்றில் கல்லானது.
அந்த இடைவெளியில் நான் நினைத்ததை
உனக்கு ஒருநாளும் சொல்லமாட்டேன்.

பிறகு நீ நடந்தாய்.
நூற்று நாற்பத்திரண்டு.
வாட்டின் அந்தத் தொங்கலில் ஆரோ இருமினார்கள்.

காலை பத்துக்கு மறுபடி ஓடினாய், இருபது நிமிடம்.
மத்தியானம் நடந்தாய்.
பின்னேரம் ஓடினாய்.
"போய்வந்து போய்வந்துதான் பழகும்," என்றார் டொக்டர்,
தன் தேத்தண்ணியை ஆறவிட்டபடி.
பிறை மெலிய மூன்று கிழமை எடுத்தது.

இன்று முப்பத்துமூன்றாம் கிழமை.
காலை ஆறு, மத்தியானம் இரண்டு, இரவு பத்து.
குளிசையை நாக்கில் வைக்கும்போதெல்லாம்
நகுலேஸ் கேட்பான், "ஆருக்கு?"
வாய் நிறையத் தண்ணி. கையால் காட்டுவேன்.

நேற்று கொன்சலாற்றா மிஸ்ஸி ஸ்கூட்டியில் வந்தா.
செருப்பைக் கழற்றினா. குழலை ஊன்றினா.
ஒரு முழு நிமிடம்
மணிக்கூட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை.
அட்டையை மடியில் விரித்து
கட்டத்துக்குள் உன் எண்ணை எழுதினா,
பென்சிலால்.