தலையெழுத்து

கரகண்டாவில் பனி கொட்டும் நாளில்
வரிசை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.
காலணிகளிலிருந்து கரித்தூள் கலந்த தண்ணீர்
என் ஏழாம் எண் சாளரம் வரை ஒழுகும்.

இந்த அலுவலகத்துக்குப் பெயர் த்ஸோன்.
மூன்று சொற்களின் தலைகள்.
உடல்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

"ஈ-ஈ-என் சொல்லுங்கள்.
ஏ-த்ஸே-பே காலாவதியா?
ஓ-எஸ்-எம்-எஸ் கட்டியாயிற்றா?"
தலையாட்டுகிறார்கள்,
புரிந்ததனால் அல்ல,
பின்னால் ஆள் நிற்பதனால்.
பதினோரு ஆண்டுகளாக நானும் அப்படித்தான்.
ஓ-எஸ்-எம்-எஸ்ஸில் இரண்டாவது எஸ்
எதற்கென்று எனக்கும் தெரியாது.
ஜன்னலுக்கு வெளியே தேத்ஸ்
நகரத்தையே சூடாக்கிக்கொண்டிருக்கிறது.
புகை விடுவதற்கு விரிவு தேவையில்லை.

மகள் இன்ஷு அல்மாத்தியில் படிக்கிறாள்.
விடுதிக்குப் பணம் அனுப்பினால்
"ஸ்ப்ஸ்" என்று பதில் வரும்.
நன்றியிலிருந்து உயிரையெல்லாம் உருவிவிட்டு
மெய்யை மட்டும் அனுப்புகிறாள்.
நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவைப்பேன்.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்,
ஒரு கிழவர். ஓய்வூதியத் திருத்தம்.
ரெம் ஒசிப்பவிச் ஷெல்கனோவ்.
பிறப்புச் சான்றிதழை முப்பத்தொன்பதில் தட்டச்சியவன்
ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும்
ஆணி அடிப்பதுபோல் ஒரு புள்ளி வைத்திருந்தான்:
ர. எ. ம.

அப்படியே அடித்தேன். திரை சிவந்தது.
பெயரில் சுருக்கம் கூடாது. விரித்து எழுதுக.

"ஐயா, இதன் விரிவு?"

தொப்பியைக் கழற்றினார்.
நெற்றித் தோலுக்குள் நீலமாக
ஒரு கரித் தழும்பு.

"ரெவல்யூத்ஸியா, எலெக்ட்ரிஃபிகாத்ஸியா,
அதுவரை சண்டையில்லை.
ம-வில்தான் வழக்கு.
மெக்கானிசாத்ஸியா என்பாராம் அப்பா,
டிராக்டர் பித்தர்.
எனக்கு இரண்டு வயதில்
அவரை ஒரு நான்கெழுத்து வந்து கூட்டிப்போனது.
அதை மட்டும் எங்கள் தெருவில்
யாரும் விரித்துச் சொன்னதேயில்லை.
அப்புறம் அம்மா மாற்றிவிட்டாள்:
ம என்றால் மிர், அமைதி.
சுரங்கத்தில் சேர்ந்தேன்,
ம என்றால் மீத்தேன் என்று சிரித்தார்கள் கூட்டாளிகள்.
ஒருமுறை அதுவும் உண்மையாகப் பார்த்தது.
என் தலையெழுத்தை எழுதினவர்
பொருளைச் சொல்லாமல் போய்விட்டார்.
எண்பத்தைந்து வயது, அம்மா.
இன்னும் விரிந்தபாடில்லை."

வரிசையில் யாரோ இருமினார்கள்.
எழுந்து மேலாளர் பவுர்ஷானிடம் போனேன்.
"கே-எஸ்-பேவுக்கு அனுப்பிவிடு."
"கே-எஸ்-பே என்றால்?"
கூரையைப் பார்த்தார்.
பேனாவின் மூடியைத் திருகினார்.
"அது... ஒரு குழு. இருக்கும்."

திரும்பி வந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அதே இடத்தில்,
தோளில் பனி கரைந்துகொண்டிருக்க.
ஒரு புள்ளியை அழித்தேன்.
அடுத்ததை.
அடுத்ததை.
ரெம்.
திரை பச்சையானது.

"எந்த ம போட்டாய்?"
"வெறும் ம-தான்" என்றேன்.
கொஞ்சம் யோசித்தார். தொப்பியை வைத்துக்கொண்டார்.
சீட்டை மறந்து கதவு வரை போய்
மறுபடி வந்து வாங்கிக்கொண்டார்.

இரவு, கெட்டில் கொதிக்கக் காத்திருந்த நேரத்தில்
இன்ஷுவுக்குத் தட்டினேன்,
ஒரு சொல்லையும் ஒடிக்காமல்:
"அன்புள்ள இன்ஷு, இன்று ஒருவர் வந்திருந்தார்.
ஏனோ உன் நினைவாகவே இருந்தது.
வெளியே போனால் காதை மூடிக்கொள்.
வேளைக்குச் சாப்பிடு.
உன் அம்மா, ஸாவ்ரெஷ்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை.
பதில் வந்தது,
பதறிக்கொண்டு,
உயிர் ஒன்றுகூடக் குறையாமல்:
"அம்மா, என்ன ஆயிற்று உனக்கு?
உடம்பு சரியில்லையா?"